இரட்டை மஞ்சளும் எட்டு நிலைகளும்

நம் ஊர் லோகோ பைலட்டுக்கு இரட்டை மஞ்சள் கவலை தராத விளக்கு. அடுத்த சிக்னலை விதித்த வேகத்துக்குள் கடக்கத் தயாராக வா என்று மட்டும்தான் அது சொல்கிறது, நிறுத்தச் சொல்லவில்லை. ஜப்பானில் அதே இரண்டு மஞ்சள் விளக்குகளைக் கண்ட ஓட்டுநர் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆஸ்திரியாவில் முன்னறிவிப்பு சிக்னலில் இரண்டு மஞ்சள் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தால், அடுத்த சிக்னலில் நின்றாக வேண்டும். அங்கே பச்சையும் நம் கணக்குக்கு அடங்காது. பிரதான சிக்னலில் ஒற்றைப் பச்சை என்றால் தடையில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பச்சை எரிந்தால் 60 கி.மீ.தான்.

2001-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் இந்தக் குழப்பத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டது. அதில் ஆறு பாதைகள் இருந்தன. இங்கிலாந்தில் செட்டில்–கார்லைல், ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக்–செயின்ட் ஆன்டன், அமெரிக்காவில் மரியாஸ் கணவாயும் பிலடெல்ஃபியா–வாஷிங்டன் தடமும், ஜப்பானில் டோக்கியோ–ஹகோனேயும் கியூஷு தீவின் ஹிசாட்சு பாதையும். ஒரு பாதையில் கைகாட்டி மரம், இன்னொன்றில் வண்ண விளக்கு, மற்றொன்றில் வரிசையாக எரியும் விளக்குகளின் கோணம். இத்தனையையும் ஒரே நிரல் புரிந்துகொள்ள வேண்டும். அதை உருவாக்கிய பிரிட்டனின் குஜு நிறுவனத்தார் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. விளக்கின் தோற்றத்தையும் அதன் பொருளையும் அவர்கள் வெவ்வேறாகப் பிரித்துவிட்டார்கள்.

சிக்னல் கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும், நிரலிடம் அது சொல்லக்கூடிய பதில்கள் எட்டுதான். ஸ்டாப்: நில். ஸ்டாப் அண்ட் புரொசீட்: நின்று, பிறகு எச்சரிக்கையோடு போ. ரெஸ்ட்ரிக்டிங்: தடம் காலி என்ற உறுதியில்லை, பார்த்துப் போ. அதற்கு மேல் அப்ரோச் 1, 2, 3 என்று படிப்படியாகத் தளரும் மூன்று எச்சரிக்கைகள். கடைசியில் கிளியர் 1, கிளியர் 2. உலகத்தின் எந்த ரயில்வே சிக்னலும் இந்த எட்டுக்குள் ஏதாவது ஒன்றில் போய் உட்கார வேண்டும். நம் சிக்னல்களை இதில் பொருத்துவது எளிது. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஹோம் சிக்னலின் சிவப்பு முதல் நிலை. கடற்கரை–தாம்பரம் புறநகர்த் தடத்தில் ‘ஏ’ எழுத்து தாங்கிய தானியங்கி சிக்னலின் சிவப்பு இரண்டாம் நிலை. அங்கே பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, எதிரே வண்டி இருக்கக்கூடும் என்ற நினைப்போடு ஊர்ந்து போகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு. பொருளில் அவ்வளவு தூரம்.

ஆகவே சிமுலேட்டரின் ஒவ்வொரு சிக்னலும் ஒரே நேரத்தில் இரண்டு விடைகளை எழுதி வைக்கிறது. ஒன்று நிலை, அது கணிப்பொறி ஓட்டும் வண்டிகளுக்கும் முந்தைய சிக்னல்களுக்கும் உரியது. மற்றது தோற்றம், எந்த விளக்கை ஏற்றுவது, எது மினுக்க வேண்டும், கைகாட்டி எவ்வளவு சாய வேண்டும் என்பது. திரைக்கு முன் இருக்கும் மனிதர் தோற்றத்தைப் பார்க்கிறார். எதிர்த்தடத்தில் வரும் கணிப்பொறி வண்டிக்குக் கண் கிடையாது. அது நிலையை மட்டுமே படிக்கிறது. பாதையை வடிவமைத்தவர் இரண்டையும் பொருத்தும்போது தவறினால், மஞ்சள் விளக்கை நோக்கி ஒரு வண்டி முழு வேகத்தில் விரைவதைத் திரையில் காணலாம். அந்த வண்டியைப் பொறுத்தவரை விதி மீறல் எதுவுமில்லை. அதற்குச் சொல்லப்பட்டது ‘கிளியர்’.

இத்தனை படிகள் எதற்கு என்ற கேள்விக்கு விடை பிரேக்கில் இருக்கிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருள்கிறது. பிடிமானம் குறைவு, அதனால்தான் ரயில் இவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது, அதனால்தான் நிற்கத் திணறுகிறது. வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைவதாக வைத்துக் கணக்குப் போடுவோம். பயணிகள் வண்டிக்கு இது நியாயமான பிரேக். மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 233 மீட்டரில் நிற்கும். 110 கி.மீ. என்றால் 934 மீட்டர். 130 கி.மீ.க்கு 1,304 மீட்டர். 160 கி.மீ.க்கு ஏறக்குறைய 2 கி.மீ. வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. இதோடு, ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பியதும் பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறையும் அலை கடைசிப் பெட்டியை எட்ட நீண்ட வண்டிகளில் இரண்டு மூன்று வினாடிகள் ஆகின்றன. அந்த வினாடிகளில் வண்டி முழு வேகத்தில் இன்னும் எழுபது, எண்பது மீட்டர் போய்விடுகிறது.

சிவப்பு கண்ணில் படும்போது பிரேக் போட்டால் நிற்க முடியாது என்பதே சிக்னல் இயலின் தொடக்கம். இந்திய ரயில்வேயில் முன்கூட்டி எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னல் ஹோம் சிக்னலுக்கு 1 கி.மீ. முன்பாக நிற்பதற்கும், வேகம் கூடிய தடங்களில் 2 கி.மீ. முன்பாக இன்னொரு டிஸ்டன்ட் சேர்ந்ததற்கும் மேலே உள்ள எண்களே காரணம் சொல்லிவிடுகின்றன. சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை காட்டும் நான்கு நிறச் சிக்னலின் அழகும் இங்கேதான். இரட்டை மஞ்சளிலிருந்து சிவப்பு வரை இரண்டு தடத்துண்டுகள் இருக்கின்றன. நிற்கத் தேவையான தூரத்தை அந்த இரண்டும் சேர்ந்து கொடுத்தால் போதும். ஒவ்வொரு துண்டும் பாதி நீளமாகலாம். அதே தடத்தில் அதிக வண்டிகளை நெருக்கமாக ஓட்டலாம்.

இப்போது சிக்னல் எப்படி முடிவெடுக்கிறது என்று பார்ப்போம். நிஜத் தண்டவாளத்தில் வண்டி இருப்பதைக் கண்டுபிடிப்பது மின்சாரம். 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் கண்டறிந்த தடமின்சுற்று, இரண்டு தண்டவாளங்களிலும் மெல்லிய மின்னோட்டத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. அது மறுமுனையில் ஒரு ரிலேயை, அதாவது மின்காந்த சுவிட்சை, பிடித்து நிறுத்தியிருக்கும். சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்ததும் மின்னோட்டம் அந்த வழியே திரும்பிவிடுகிறது, ரிலே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது. கம்பி அறுந்தாலும் தண்டவாளம் உடைந்தாலும் மின்சாரம் நின்றாலும் ரிலே விழத்தான் செய்யும். கோளாறு எதுவானாலும் சிவப்பில் போய் முடிய வேண்டும் என்ற இந்த எண்ணம், என் மதிப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியியலின் மிக உயர்ந்த சிந்தனைகளில் ஒன்று.

சிமுலேட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. பாதை முழுவதும் அதனிடம் ஒரு வரைபடமாக இருக்கிறது: இணைப்புப் புள்ளிகள், அவற்றுக்கிடையே கோடுகள். தடம் பிரியும் பாயின்ட்ஸ் ஒரு புள்ளி, பாதை முடியும் இடம் ஒரு புள்ளி, நடுவில் வளைந்து நெளிந்து போகும் தண்டவாளம் ஒரு கோடு. சிக்னலும் வேகப் பலகையும் அந்தக் கோட்டின் தொடக்கத்திலிருந்து இத்தனை மீட்டரில், இந்தத் திசையை நோக்கி என்று குறிக்கப்பட்டவை. வண்டியின் முன்முனையும் பின்முனையும் எந்தக் கோட்டில் எத்தனையாவது மீட்டரில் இருக்கின்றன என்பது எப்போதும் தெரியும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் கோப்புகளைப் படிக்கும்படி தன்னார்வலர்கள் பின்னாளில் எழுதிய ஓப்பன் ரெயில்ஸ், இந்தக் கோடுகளை நிஜ ரயில்வே போலவே தடமின்சுற்றுத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு, எந்தத் துண்டு எந்த வண்டிக்கு உரியது என்று கணக்கு வைக்கிறது.

அதன்மேல் நிற்பது சிக்னலின் குறுநிரல். சாதாரண நான்கு நிறச் சிக்னலுக்கு அது சில வரிகளில் முடிந்துவிடும். எனக்கு முன்னுள்ள தடத்துண்டு காலியா? இல்லையென்றால், அல்லது பாயின்ட்ஸ் எனக்கு எதிராகத் திரும்பியிருந்தால், சிவப்பு. காலி என்றால் அடுத்த சிக்னலைக் கேள். அது ஸ்டாப் என்றால் நான் மஞ்சள். அது மஞ்சள் என்றால் நான் இரட்டை மஞ்சள். வேறு எதுவானாலும் பச்சை. ஒவ்வொரு சிக்னலும் தன் முன்னால் நிற்பதைக் கேட்டே முடிவெடுக்கிறது. அதனால் செய்தி வண்டிகள் ஓடும் திசைக்கு எதிராக, பின்னோக்கிப் பாய்கிறது. தொலைவில் ஒரு வண்டி துண்டைவிட்டு நீங்கினால், அதன் பின்னால் சிவப்பு மஞ்சளாகி, அதற்கும் பின்னால் மஞ்சள் இரட்டை மஞ்சளாகி, அலை வந்து சேர்கிறது.

ஓப்பன் ரெயில்ஸ் எல்லாச் சிக்னல்களையும் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிடுவதில்லை. பெரிய பாதையில் ஆயிரக்கணக்கான சிக்னல்கள் இருக்கும். வினாடிக்கு அறுபது முறை அனைத்தையும் கேட்டால் கணிப்பொறி திணறும். ஆகவே ஒரு சுற்றுக்கு இருபதில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்கிறது. முழுப் பாதையும் ஒருமுறை புதுப்பிக்கப்பட வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம். நிஜ ரிலேக்களும் விழுந்து எழ நேரம் எடுப்பவையே. கணிப்பொறியின் சிக்கனத்துக்காகச் செய்தது, நிஜத்தின் தாமதத்துக்கு அருகில் வந்து நிற்கிறது.

சிக்னலை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ரயில்வேயில் அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். வழியை அமைத்து, பூட்டி, பிறகே சிக்னலை விடுவிக்கிறார். 1856-இல் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை பெற்ற இன்டர்லாக்கிங் முறையின் வாரிசுகள் அவர் தவறு செய்தாலும் முரண்பட்ட இரண்டு வழிகளைத் திறக்க விடுவதில்லை. ஓட்டுநர் இருக்கையில் நம்மை உட்கார வைக்கும் சிமுலேட்டரில் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. அவருடைய வேலையை வண்டியே செய்கிறது. எந்த வழியாக எங்கே போக வேண்டும் என்ற பாதைத் திட்டம் வண்டியோடு வருகிறது. அது நெருங்கும்போது முன்னுள்ள சிக்னலிடம் வழி கேட்கிறது. சிக்னல் துண்டுகளைச் சோதித்து, பாயின்ட்ஸைத் திருப்பி, அந்த வண்டியின் பெயரில் ஒதுக்கிவிட்டுத் திறக்கிறது. கேட்காத வரை சிவப்பு. கேமராவை வெகுதூரம் முன்னால் நகர்த்திப் பார்த்து ‘எல்லாமே சிவப்பாக இருக்கிறதே’ என்று பதறுபவர்களுக்கு விடை இதுதான்: அங்கே இன்னும் யாரும் வழி கேட்கவில்லை. எத்தனை சிக்னல் தூரம் வரை முன்கூட்டியே கேட்பது என்பதும் ஒரு எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. நான்கு நிறச் சிக்னலுக்கு அந்த எண்ணைக் குறைத்து எழுதினால், காலியான தடத்திலும் வண்டி கடைசி வரை மஞ்சளைப் பார்த்துக்கொண்டே போகும்; பச்சை வரவே வராது.

ஒற்றைத் தடத்தில் இந்த ‘கேட்டவருக்கு வழி’ முறை மட்டும் போதாது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் துண்டுக்காகக் காத்து நின்றால் இரண்டும் நகரவே முடியாது. நிஜத்தில், தடத்துக்குள் நுழையும் உரிமையாக ஓட்டுநருக்கு டோக்கன் தரும் கருவி இதைத் தடுக்கிறது. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்க முடியாது. ஓப்பன் ரெயில்ஸ் இரண்டு வண்டிகளின் பாதைத் திட்டங்களையும் முன்னதாக ஒப்பிட்டு, எந்தப் பகுதி இருவருக்கும் பொது, எங்கே ஒதுங்க லூப் லைன் இருக்கிறது என்று பார்த்துவிட்டே உள்ளே விடுகிறது. சிமுலேட்டர் எழுதியவர்களின் உழைப்பு மிகுதியாகச் செலவானது இங்கேதான் என்று நினைக்கிறேன். விளக்கை வரைவது சில நாள் வேலை. முட்டிக்கொண்டு நிற்காமல் நாள் முழுவதும் வண்டிகளை ஓட வைப்பது வருடக்கணக்கான வேலை.

பாதை பிரியும் இடங்களில் நாடுகளின் வேறுபாடு இன்னும் ஆழமாகத் தெரிகிறது. பிரிட்டன் ஓட்டுநருக்கு எந்த வழி என்று சொல்கிறது. வேகம் அவர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் வடகிழக்கு ரயில்வேகளோ எந்த வேகம் என்று சொல்கின்றன. வழி எதுவானாலும் ஓட்டுநர் அந்த வேகத்துக்கு வந்தால் போதும். அங்கே ஒரு கம்பத்தில் இரண்டு விளக்குத் தலைகள் இருக்கும். மேலே சிவப்பு, கீழே பச்சை என்றால் ‘மீடியம் கிளியர்’: பாயின்ட்ஸைக் கடக்கும் வரை மணிக்கு 30 மைல். அதற்கு முந்தைய கம்பத்தில் மேலே மஞ்சள், கீழே பச்சை எரிந்து அதை முன்கூட்டியே அறிவித்திருக்கும்.

சிமுலேட்டருக்குள் அந்த இரண்டு தலைகளுக்கும் தனித்தனிக் குறுநிரல்கள். மேல்தலை நேர்ப்பாதையைப் பார்க்கிறது, கீழ்த்தலை பிரியும் பாதையைப் பார்க்கிறது. முந்தைய சிக்னல் ‘உன் நிலை என்ன’ என்று கேட்டால் எந்தத் தலை பதில் சொல்வது? நிரல்மொழியில் இதற்கு இரண்டு கேள்விகள் உண்டு. தலைகளில் கெடுபிடி குறைந்ததன் பதிலைத் தா என்பது ஒன்று, கெடுபிடி மிகுந்ததன் பதிலைத் தா என்பது மற்றொன்று. சிவப்பின்கீழ் பச்சை எரியும் கம்பத்திடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டால் ‘ஸ்டாப்’ என்று விடை வரும். திறந்திருக்கும் வழிக்கு முன்னால் தேவையில்லாமல் ஒரு மஞ்சள் எரியும். நிஜ விதிப்புத்தகத்தைப் படிக்காமல் இந்த வரியைச் சரியாக எழுத முடியாது. பல நாட்டு ஆர்வலர்கள் தங்கள் ரயில்வேயின் விதிகளை எழுத்தெண்ணிப் படித்தது இப்படி ஒரு வரிக்காகத்தான்.

பிரிட்டனில் வேகத்தைச் சொல்லாத குறையை ஈடுசெய்ய ஓர் உத்தி இருக்கிறது. மெதுவாகப் போக வேண்டிய கிளைப்பாதைக்கு வழி அமைத்திருந்தாலும், சிக்னலை வேண்டுமென்றே சிவப்பிலேயே வைத்திருப்பார்கள். அதற்கு முந்தைய மஞ்சளைப் பார்த்து ஓட்டுநர் பிரேக் போட்டு அருகில் வந்த பிறகே அது திறக்கும். வண்டி குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்துவிட்டதா, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளைகள் ஓப்பன் ரெயில்ஸிலும் உண்டு.

வேக வரம்புக்கு வருவோம். அது சிக்னலைவிட எளிது என்று தோன்றும். பலகையில் ஒரு எண் எழுதியிருக்கிறது, அவ்வளவுதானே. அந்த எண் பெரும்பாலும் வளைவிலிருந்து பிறக்கிறது. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தி வைக்கிறார்கள். அந்த உயர்வு ஈடுகட்டாத விசையில் ஓரளவை மட்டும் அனுமதிக்கிறார்கள். நம் அகலப்பாதையில் உயர்வு 165 மி.மீ., ஈடுகட்டாத பற்றாக்குறை 75 மி.மீ. என்று வைத்தால், 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சுமார் 124 கி.மீ. வரை போகலாம். வளைவு இறுகினால் வேகம் குறையும். லூப் லைனுக்குப் பிரியும் ஒன்றுக்குப் பன்னிரண்டு பாயின்ட்ஸில் வழக்கமாக 30 கி.மீ.; அங்கே வெளித் தண்டவாளத்தை உயர்த்தவும் இடமில்லை, வளைவும் சட்டென்று தொடங்குகிறது.

பலகையின் எண்ணும் வளைவின் இயற்பியலும் சிமுலேட்டரில் தனித்தனி விஷயங்கள். 60 கி.மீ. மட்டுமே தாங்கும் வளைவில் வடிவமைப்பாளர் 100 என்று பலகை நட்டால் மென்பொருள் மறுப்பதில்லை. வளைவின் ஆரத்திலிருந்து தானே கணக்கிட்டு எச்சரிக்கும் வசதி ஓப்பன் ரெயில்ஸில் தனியாக உண்டு. அதை இயக்கி வைப்பது நல்லது. மீறினால் என்ன ஆகும் என்று தெரியாத வரம்பு வெறும் மதிப்பெண் விளையாட்டாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குப் பல வரம்புகள் பொருந்தும். பாதை முழுமைக்கும் ஒன்று. கடைசியாகக் கடந்த பலகையின் எண். சிக்னலின் நிலையோடு ஒட்டி வரும் வேகம்; ஜப்பானின் மஞ்சளுக்கு 45 அல்லது 55 என்பது போல. பராமரிப்பு வேலைக்காகப் போட்ட தற்காலிகக் கட்டுப்பாடு. அது நம் ஓட்டுநர்கள் கையில் காஷன் ஆர்டராக வருவது. வண்டியின் சொந்த உச்ச வேகம். இவற்றில் எது குறைவோ அதுவே சட்டம். கணக்கு எளிது, ஆனால் ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விடாமல் பின்தொடர வேண்டும். டவ்டெயில் நிறுவனத்தின் ட்ரெயின் சிமுலேட்டரில் வேகம் தண்டவாளத்தின் குணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த மீட்டரில் நின்று கேட்டாலும் விடை உண்டு. மைக்ரோசாஃப்ட் வழிவந்தவற்றில் அது பலகையில் மட்டும் இருக்கிறது. நடுவழியில் ஒரு வண்டி புறப்பட்டால், கடைசிப் பலகை எது என்று பின்னோக்கித் தேடிப் போக வேண்டும்.

வரம்பின் முடிவைப் பற்றி ரயில்வேக்கு வெளியே உள்ளவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. வேகம் குறையும் பலகை இன்ஜின் தொட்ட கணமே செல்லுபடியாகும். வேகம் கூடும் பலகை அப்படியல்ல. இருபத்திரண்டு எல்.எச்.பி. பெட்டிகளும் இன்ஜினும் சேர்ந்தால் வண்டியின் நீளம் 500 மீட்டரைத் தாண்டும். இன்ஜின் பாயின்ட்ஸைக் கடந்து நேர்ப்பாதைக்கு வந்துவிட்டது என்று ஓட்டுநர் வேகம் எடுத்தால், கடைசிப் பெட்டியில் உறங்கும் பயணி இன்னும் அந்தப் பாயின்ட்ஸ்மேல்தான் இருக்கிறார். 30 கி.மீ. வேகத்தில் அவர் அதைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்திய ரயில்வே இதைப் பலகையிலேயே தீர்த்து வைத்திருக்கிறது. தற்காலிக வேகக் கட்டுப்பாட்டுக்கு முன்னால், அகலப்பாதையில் 1,200 மீட்டரில், எச்சரிக்கைப் பலகை. கட்டுப்பாடு தொடங்கும் இடத்தில் வேகப் பலகை. முடிந்த இடத்துக்கும் அப்பால், வண்டியின் நீளத்தைக் கணக்கிட்டு, பயணிகள் வண்டிக்கு ‘டி/பி’ என்றும் சரக்கு வண்டிக்கு ‘டி/ஜி’ என்றும் மஞ்சள் வட்டுகள். தன் வட்டை இன்ஜின் அடையும்போது வால் பாதுகாப்பாக வெளியே வந்துவிட்டிருக்கும்.

ஓப்பன் ரெயில்ஸ் இதையே நிரலில் செய்கிறது. கூடுதல் வேகப் பலகையை முன்முனை கடந்ததும் புதிய எண்ணை உடனே தருவதில்லை. இன்னும் ஒரு வண்டி நீளம் ஓடிய பிறகு செயலுக்கு வரும்படி ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்கிறது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்கிறதா என்று பார்த்தே ஒரு சிமுலேட்டரின் தரத்தை என்னால் சொல்லிவிட முடியும். வண்டியை ஒரு புள்ளியாக நினைத்து எழுதிய மென்பொருளும் ஐந்நூறு மீட்டர் நீளமுள்ள பொருளாக நினைத்து எழுதிய மென்பொருளும் இங்கே பிரிந்துவிடுகின்றன.

விதியை மீறினால் என்ன ஆகிறது? பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் சிவப்பைக் கடந்தால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது. கடக்க அனுமதி வேண்டுமென்றால் ஒரு விசையைத் தட்டினால் போதும்; ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்து மூலம் தர வேண்டிய அனுமதி ஒரு நொடியில் கிடைத்துவிடும். ஜெர்மனியின் ஸூசி சிமுலேட்டர் மிகவும் கண்டிப்பானது. அந்நாட்டு ரயில்வேயின் கண்காணிப்பு முறையை அப்படியே கொண்டுவருகிறது. எச்சரிக்கை காட்டும் முன்னறிவிப்பு சிக்னலைக் கடந்தால், தடத்தில் உள்ள 1,000 ஹெர்ட்ஸ் காந்தம் இன்ஜினைத் தொடுகிறது. நான்கு வினாடிக்குள் பொத்தானை அழுத்தி, பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். விரைவு வண்டியானால் 23 வினாடியில் 85 கி.மீ.க்குக் கீழே வந்தாக வேண்டும். சிவப்பு சிக்னலுக்கு ஏறக்குறைய 250 மீட்டர் முன்னால் 500 ஹெர்ட்ஸ் காந்தம். அங்கே 65-க்குள் வந்து, 153 மீட்டருக்குள் 45-க்கு இறங்க வேண்டும். சிவப்பையே கடந்தால் 2,000 ஹெர்ட்ஸ் காந்தம் அவசர பிரேக்கைப் போட்டுவிடும். இங்கே சிமுலேட்டர் கணக்கிடுவது இரண்டு ஓட்டங்களை: வண்டி உண்மையில் ஓடும் வேகம் ஒன்று, பாதுகாப்புக் கருவி மனதில் வைத்திருக்கும் இறங்குகோடு மற்றொன்று. இந்தியாவின் கவச் பாதுகாப்பு அமைப்பும், தடத்தில் பதித்த அடையாளத் தகடுகளையும் வானொலித் தொடர்பையும் கொண்டு, இப்படிப்பட்ட கோட்டைத்தான் வண்டி நெடுக வரைந்துகொண்டே போகிறது.

சிமுலேட்டர் நமக்குத் தரும் வசதிகளில் ஒன்றை மட்டும் நான் விரும்பவில்லை. எஃப்4 விசையை அழுத்தினால் ஓப்பன் ரெயில்ஸில் ஒரு சிறு கட்டம் வரும். அடுத்த சிக்னல் எவ்வளவு தூரம், என்ன நிறம், அடுத்த வேக வரம்பு எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். பழகும்போது உதவும். ஆனால் நிஜ லோகோ பைலட்டுக்கு அந்தக் கட்டம் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரு தடத்தில் தனியாக ஓட்டும் முன், அதை அறிந்தவரோடு பகலிலும் இரவிலும் போய்ப் பழகி, எந்த வளைவுக்குப் பின்னால் எந்த சிக்னல், எந்த இறக்கத்தில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று அவர் கற்றிருக்கிறார். மூடுபனியில் அதை நம்பித்தான் ஓட்டுகிறார். கட்டத்தை மூடிவிட்டு, ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். சிக்னல்கள் அப்போதுதான் உங்களிடம் பேசத் தொடங்கும்.

இன்னும் உள்ளே போக விரும்புபவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு பாதையின் கோப்புறையிலும் சிக்னல்களுக்கு இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று தோற்றம், நிலை, வேகம் பற்றியது, மற்றது குறுநிரல்கள். இரண்டும் வெறும் எழுத்துக் கோப்புகள், நோட்பேடில் திறக்கும். முதலில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல்கள் நெருக்கமாக, 700 மீட்டர் இடைவெளியில் நிற்கும் நான்கு நிறப் பாதை ஒன்றில், ‘அடுத்தது மஞ்சள் என்றால் நான் இரட்டை மஞ்சள்’ என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டு, முன்னால் நிற்கும் ஒரு வண்டியை நோக்கி 130 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பச்சைக்கு அடுத்து நேராக மஞ்சள் வரும். அங்கே பிரேக் போட்டால் சிவப்புக்கு 700 மீட்டர்தான் மிச்சம். நிற்கத் தேவை 1,304 மீட்டர். சிவப்பைத் தாண்டும்போது உங்கள் வண்டியின் வேகம் 88 கி.மீ.க்குக் குறையாது.